நெற்றியின் இடப்பக்கம்

வாய் கொப்பளித்த தண்ணீர் இடது கடைவாயில் வழிந்து பனியனை நனைத்தபோதே தெரிந்துவிட்டது. தெரியாதவன் போல இன்னொரு மிடறு ஊற்றிக்கொண்டேன். அதுவும் வழிந்தது. மூன்றாவது மிடறுக்கு இடது உதட்டை விரலால் அழுத்திப் பிடித்தேன், அப்போது நின்றது. விரலில் ஒட்டிய எச்சிலைப் பார்த்தேன். என் எச்சில்தான், எழுபத்தோரு வருடமாக எனக்குள் ஊறி எனக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது, உதட்டைத் தாண்டி வெளியே வந்த உடனே வேறு யாருடையதோ ஆகிவிட்டது. பனியனில் துடைத்தேன், துடைத்த இடத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பிறகு வழக்கம்போலத் தூரிகையை நனைத்து முகத்தில் நுரை பூச ஆரம்பித்தேன், நுரை இருக்கும் வரை முகம் இல்லை அல்லவா. இந்தக் கண்ணாடி என் சம்சாரம் புஷ்பத்தின் உயரத்துக்கு மாட்டியது. அவள் போய் ஆறு வருடம் ஆகியும் ஆணியை மாற்றவில்லை. எனக்கு அதில் புருவத்துக்குக் கீழேதான் தெரியும். முழங்காலை மடக்கினால் நெற்றியும் தெரியும். மடக்க வேண்டும். நெற்றியை ஒரு தடவை சுருக்கிப் பார்த்தால் போதும். இரண்டு பக்கமும் கோடு விழுந்தால் கோளாறு மூளையில், உடனே ஓட வேண்டும். இடப்பக்கம் கோடு விழாமல் கிடந்தால் வெளியே வருகிற நரம்பில் மட்டும் வீக்கம், மூன்று வாரம் மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, அவ்வளவுதான். ஒரு நொடி வேலை. எழுந்தது ஆறு மணிக்கு. இப்போது ஏழு பத்து. ஆறு மணிக்கு முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, யாரும் பார்க்கவில்லை, பக்கத்தில் படுத்து எழுந்து பார்க்க ஆள் கிடையாது.

கத்தியை இடது கன்னத்தில் வைத்தேன். தோல் இழுபடாமல் ஈரத்துணி மாதிரி கூடவே வந்தது, காதுக்குக் கீழே வெட்டிவிட்டது. எரிந்தது. எரிந்தது நல்லது, ஐந்தாம் வீட்டில் ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மருத்துவக் கல்லூரியில் பிணம் அறுத்துப் படிக்கிற கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் அட்டெண்டராக இருந்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. நரம்புகளின் பெயரெல்லாம் இங்கிலீஷ், பையன்கள் மனப்பாடம் செய்ய அசிங்கமாக ஒரு பாட்டு வைத்திருந்தார்கள், எனக்கு அது நாக்கில் நிற்காது. எங்கள் ஊழியர் லைன் வீடுகள் சரியாகப் பன்னிரண்டு. மண்டைக்குள்ளிருந்து வருகிற நரம்பும் பன்னிரண்டு ஜோடி. ஒன்றாம் வீட்டில் ஞானப்பூ, வாரம் முழுக்கக் கருவாடு வறுப்பாள், அது வாசனை நரம்பு. இரண்டில் திரேசம்மா, சன்னலை விட்டு நகராதவள், பார்வை. மூன்று, நான்கு, ஆறு இந்த மூன்று வீட்டிலும் அண்ணன் தம்பிகள், ஒருவன் ஒரு பக்கம் இழுத்தால் மற்றவன் வேறு பக்கம், அதனால் அவர்கள் கண்ணைத் திருப்புகிறவர்கள். ஐந்தில் வாட்ச்மேன் தங்கையா, எப்போதும் பல்வலி, முகத்தில் வலிக்கிறது எரிகிறது எல்லாம் அவர் கணக்கு. எட்டில் காது கேளாத சலோமி ரேடியோவை அலறவிடுவாள். பத்தில் செல்லத்துரை, எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து அடுப்படி வரை போய் வயிற்றை விசாரித்துவிட்டு வருகிறவர், அந்தப் பத்தாவது நரம்பும் அப்படியே, தலையில் கிளம்பித் தொண்டை, நெஞ்சு, குடல் என்று ஊர் சுற்றும். ஒன்பதாம் வீடு பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும், அதனாலோ என்னவோ ஒன்பதாவது நரம்பு எனக்குக் கடைசி வரை சரியாகப் பிடிபடவில்லை. ஏழாவது எங்கள் வீடு. முகத்தை அசைப்பது ஏழாவது. சிரிப்பது, விசிலடிப்பது, கண்ணை இறுக்கி மூடுவது, உதட்டைக் குவிப்பது. அதற்குப் புஷ்பம் என்று வைத்துக்கொண்டேன், லைனிலேயே அதிகம் சிரித்தவள் அவள்தான். ஏழாவதைத் தேடி எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. காது மடலுக்குக் கீழே எலும்பில் ஒரு பொத்தல், அதிலிருந்து வெளியே வந்து, எச்சில் சுரப்பிக்குள் புகுந்து, ஐந்து கிளையாகப் பிரிந்து கன்னத்தில் பரவும். உள்ளங்கையைக் காதோரம் வைத்து ஐந்து விரலையும் விரித்தால் கிளைகள் போகும் வழி. யாரோ அறைந்த கை அப்படியே பதிந்த மாதிரி இருக்கும். கொழுப்பை நோண்டி எடுத்து, ஒவ்வொரு கிளையையும் சுத்தம் பண்ணி, மஞ்சள் பெயிண்ட் அடிப்பேன். ரத்தக் குழாய்க்குச் சிவப்பு, நீலம், நரம்புக்கு மஞ்சள். பொத்தலுக்கு வெளியே அது எங்கே போகிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். பொத்தலுக்கு உள்ளே, அதற்கு யார் உத்தரவு போடுகிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. பிணத்துக்கு யாரும் உத்தரவு போடுவதில்லை.

"மாமா, இட்லி ஆறுது. சட்னியா சாம்பாரா?" கதவுக்கு வெளியே சகாயராணி, என் மருமகள். மகன் ஆறரைக்கே ஷிப்டுக்குப் போயாயிற்று, வீட்டில் நானும் அவளும்தான். எனக்குச் சாம்பார்தான் வேண்டும். ஆனால் அந்தச் சொல்லுக்கு உதடு இறுக ஒட்ட வேண்டும். "சட்னி" என்றேன். நாக்காலேயே சொல்லிவிடலாம். "என்னைக்குமில்லாம சட்னி கேக்கிய?" என்றாள். கத்தியைத் தண்ணீரில் அலசினேன். "ஒரு மணி நேரமாவா செரைக்கிய, கல்யாண மாப்பிள்ள கெட்டாரு போங்க." "ஆச்சு" என்றேன். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. உதடு ஒட்டாமல் என்னென்ன சொல்லலாம் என்று எண்ணிப் பார்த்தேன். தண்ணி சொல்லலாம். சரி சொல்லலாம். இல்ல சொல்லலாம். புஷ்பம் சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தேன், மெதுவாக, நுரைக்குள். காற்று இடது பக்கம் புஸ்ஸென்று போய், நுரை தெறித்து, பெயர் முழுக்க எச்சிலாக வந்தது. உமட்டியது. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு அருவருப்பே கிடையாது என்று ஊரில் பேச்சு. கூடத்தில் முதல் நாள் மயங்கி விழுகிற பையன்களைத் தூக்கி உட்காரவைத்து, அவர்கள் எடுத்த வாந்தியை அள்ளிக் கொட்டிவிட்டு, அதே கையால் டீ வாங்கிக் குடிப்பேன். அந்தக் காலத்தில் கையுறை எங்களுக்குக் கிடையாது. கொழுப்பு நகக்கண்ணில் ஏறும், எத்தனை சோப்புப் போட்டாலும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். பிணம் கெடாமல் வைக்கிற பார்மலின் நெடிக்குப் பசிக்கும், அது யாருக்கும் சொல்லக்கூடாத விஷயம். பிணத்தோடு நின்று வயிறு பசிக்கும், மட்டன் ஞாபகம் வரும், மத்தியானம் வீட்டுக்கு வந்து கறியைப் பிய்க்கும்போது நார் பிரிகிற விதத்தில் தொடைத் தசை தெரியும், தெரிந்தும் தின்பேன். தின்றுவிட்டு என்னைப் பார்த்தால்தான் குமட்டும். அருவருப்பு இல்லாதவன் இல்லை நான், அதை வெளியே காட்டாதவன். ஒரே ஒன்று மட்டும் முடியாமல் போனது. முதுகெலும்பை ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்துத் திறந்தால் உள்ளே தண்டுவடம், அதிலிருந்து முப்பத்தொரு ஜோடி, ஜனவரி மாதத்துக்கு நாள் மாதிரி வரிசையாகப் புறப்படும். இடுப்புக்கு வந்ததும் தண்டு முடிந்துபோய், மிச்ச நரம்பெல்லாம் கொத்தாக ஈரத்தோடு கீழே தொங்கும். குதிரைவால் என்பார்கள். எனக்கு அது வேகவைத்த சேமியா. அதை முதன்முதலாகப் பார்த்த வருடம் கிறிஸ்துமஸுக்குப் புஷ்பம் சேமியா பாயசம் வைத்தாள். நான் கிண்ணத்தோடு பின்பக்கம் போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, நன்றாயிருக்கு என்றேன். அவள் பார்த்திருக்கிறாள். எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் பாசிப்பருப்புப் பாயசம்தான். பிள்ளைகள் சேமியா கேட்டு அழுதபோது, "அது சூடுல்லா, வயித்துக்கு ஆவாது" என்று பொய் சொன்னாள். வேலையில் சேர்ந்த முதல் நாள் என் கையை எடுத்து மோந்து பார்த்தவள் அவள். "ஆஸ்பத்திரி வாடை" என்றாள், அவ்வளவுதான், கையை விடவில்லை. அந்தக் கையால் பிசைந்த சோற்றை வாங்கித் தின்றவள்.

மணி ஏழு பதினெட்டு இருக்கும். அன்றைக்கும் ஏறக்குறைய இதே நேரம், இதே கண்ணாடி. பல் தேய்த்துவிட்டு வந்து, "இந்தா பாருங்க, வாயி கோணிக்கிட்டு வருது" என்றாள். இடது கடைவாய் தொங்கியிருந்தது. நான் சிரித்தேன். எனக்குத் தெரிந்த பாடம் அல்லவா, முப்பத்து மூன்று வருடம் மஞ்சள் அடித்த பாடம். பக்கத்தில் உட்காரவைத்து, என் உள்ளங்கையை அவள் காதோரம் வைத்து, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். "ஒண்ணுமில்ல, ஏழாவது நரம்புதான். குளிர் காத்து பட்டிருக்கும். மூணு வாரத்துல சரியாயிரும்" என்றேன். "அப்படியா" என்று புருவத்தைத் தூக்கினாள். அவள் வழக்கம் அது, நம்பும்போது புருவத்தைத் தூக்குவாள். இரண்டு புருவமும் ஏறின. இரண்டும். நெற்றியில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை நான்கு கோடு, திருநீற்றுப் பட்டை மாதிரி நேராக. நான் அதைப் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில், என் சுண்டு விரலுக்கு மேலே, பார்த்தேன். முகத்தின் மேல் பாதிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது, அதனால் மூளையில் அடி விழுந்தாலும் நெற்றி மட்டும் பிழைத்துக்கொள்ளும், நரம்பே அறுந்தால்தான் நெற்றியும் சாகும். இது முதல் வருடம் தாண்டிய எந்தப் பையனுக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் பார்த்த நெற்றிகள் சுருங்கியதே இல்லை. அவளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். ரேடியோவில் பாட்டு வைத்தேன். பதினொன்றரைக்குக் கையிலிருந்து டம்ளர் விழுந்தது.

வார்டில் நரம்பு டாக்டர் கோமதிநாயகம். முதல் நாள் கூடத்தில் என் காலடியில் மயங்கி விழுந்த பையன். முழங்காலைத் தட்டிப் பார்க்கிற சுத்தியலோடு வந்தவன் என்னைக் கண்டதும், "சூசையண்ணே, எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது?" என்று கேட்டான். ஏழு என்றேன். கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு அடித்திருந்தது. "நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா மூளையில அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம்ணே" என்றான். நான் ஏழாவது நரம்பு என்று நினைத்தேன் என்றேன். அவன் ஏதோ எழுதிக்கொண்டே, "நெத்தியைச் சுருக்கச் சொன்னீங்களா?" என்றான். நான் புஷ்பத்தின் நெற்றியைப் பார்த்தேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, "நீங்களுமாண்ணே" என்றான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பக்கத்தில் சகாயராணி நின்றாள், கல்யாணமாகி எட்டு மாதம், அவள் காதிலும் விழுந்தது. அப்புறம் பதினொரு மாதம். கஞ்சி கொடுத்தால் இடது கடைவாயில் வழியும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடைந்து கிடக்கும், விரல் விட்டு எடுக்க வேண்டும், புளித்த வாடை அடிக்கும். நான் கையுறை போட்டுக்கொண்டேன். மருந்துக் கடையில் பெட்டியாக வாங்கி வந்து வைத்திருந்தேன். எத்தனையோ பிணத்தின் வாய்க்குள் வெறும் விரல் விட்டவன், என் சம்சாரத்தின் எச்சிலுக்கு ரப்பர் மாட்டிக்கொண்டேன். செத்த உடம்பு என்னைப் பார்க்காது, இது பார்க்கிறது, அதனால்தான் என்று நினைத்துப் பார்க்கிறேன், பொருந்தவில்லை. உயிரோடு ஒழுகுகிறது, அதனால்தான். அதுவும் பொருந்தவில்லை. ஒருநாள் கஞ்சியை விழுங்கத் தெரியாமல் என் முகத்தில் துப்பிவிட்டாள். என் மூக்கு சுருங்கியது. மேலுதடு ஏறியது. அதுவும் ஏழாவது நரம்பின் வேலைதான், அருவருப்பைக் காட்டுவது, அதற்கென்று மூக்கோரமாக ஒரு பட்டைத் தசை இருக்கிறது, அதற்கும் மஞ்சள் அடித்திருக்கிறேன். என் நரம்பு நன்றாக வேலை செய்தது. அவள் பார்த்தாள். புருவம் இரண்டும் ஏறின, அந்த நான்கு கோடும் விழுந்தது. அதற்கப்புறம் நான் கரண்டியை எடுத்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். சுவரைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பாள். நான் பின்னாலிருந்து ஊட்டுவேன்.

முழங்காலை மடக்க வேண்டும். அவ்வளவுதான். கண்ணில் சோப்பு எரிகிறது, இடது கண் மூடாமல் எரிகிறதா, மூடியும் எரிகிறதா, அதையும் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் கோடு விழுந்தால் என்னைக் கட்டிலில் போடுவார்கள், சகாயராணி கரண்டியோடு வருவாள், அவள் மூக்கு சுருங்கும், நான் சுவரைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அதற்குப் பயம். சரி, இடப்பக்கம் கோடு விழவில்லை என்றால்? அப்போது வெறும் நரம்பு. அப்போது நான் அன்றைக்குச் சொன்ன வாக்கியம், குளிர் காற்று, மூன்று வாரம், அது அப்படியே உண்மையாகிவிடும், ஆனால் எனக்கு. அவளுக்குப் பொய்யாகச் சொன்னதை நான் எடுத்து உடுத்திக்கொண்ட மாதிரி. அதை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது. எது வந்தாலும் எனக்கு ஆகாது. ஆனால் மணி ஓடுகிறது. அன்றைக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன், இன்றைக்குத் தெரிந்தே நிற்கிறேன். முழங்காலை மடக்கினேன். கண்ணாடியில் புருவம் கீழே இறங்கியது, நெற்றியின் விளிம்பு வந்தது, நுரை ஒரு துளி அதில் ஒட்டியிருந்தது. நிமிர்ந்துவிட்டேன்.

கதவு திறந்தது. தாழ்ப்பாள் போட மறந்திருக்கிறேன். "மாமா, சட்னியில உப்பு..." என்று வந்தவள் நின்றாள். நான் துண்டால் வாயை மறைத்தேன், அதற்குள் பார்த்துவிட்டாள். "திரும்புங்க இங்க" என்றாள். திரும்பினேன். எப்படிப் பேசினாலும் கொழகொழவென்றுதான் வரும் என்று தெரிந்தும் வாயைத் திறந்தேன். "ஒண்ணுமில்ல, ஏழாவது நரம்புதான். மூணு..." அதற்குள் அவள் குறுக்கே வந்தாள். "அந்தக் கதைய ஒரு தடவ நம்புனது போதும். நெத்தியச் சுருக்குங்க, நான் பாக்கேன்." நான் அசையவில்லை. "சுருக்குங்க மாமா. அத்தைக்கு அந்த டாக்டர் கேட்டது என் காதுல இன்னும் கெடக்கு. மேல பாருங்க, ஓட்டுல பல்லி போற மாதிரி நெனச்சுக்கிட்டு." மேலே பார்த்தேன். ஓட்டில் பல்லி இல்லை, நூலாம்படை இருந்தது. புருவத்தைத் தூக்கினேன். எந்தப் புருவம் தூக்கியது, எது தூக்கவில்லை என்று உள்ளே இருக்கிறவனுக்குத் தெரிவதில்லை. அவள் கிட்டே வந்து என் தலையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மூச்சு விடாமல் பார்த்தாள். "வலப்பக்கம் ஏறுது" என்றாள். பிறகு, "இடப்பக்கம் இஸ்திரி போட்டாப்புல கெடக்கு. ஒரு கோடு இல்ல" என்றாள். கண்ணை மூடச் சொன்னாள், கை இரண்டையும் நீட்டச் சொன்னாள், விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். எல்லாம் செய்தேன். அதற்கப்புறம்தான் மூச்சை விட்டாள், வாளி விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நரம்புதான் மாமா. ஆனாலும் ஆட்டோவுக்குச் சொல்லுதேன், உங்க வாய் சொல்லு எனக்கு வேண்டாம், அந்த டாக்டர் சொல்லட்டும்." சரி என்றேன். சரி என்பதற்கு உதடு வேண்டாம். சொல்லும்போதே கடைவாயில் எச்சில் ஒழுகி, நுரையோடு சேர்ந்து தாடையில் இறங்கியது. நான் துண்டைத் தேடினேன். அவள் எழுந்து வந்து உள்ளங்கையால், வெறும் கையால், குழந்தைக்கு மூக்கு சிந்திவிடுகிற மாதிரி ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள். துடைத்த கையை நைட்டியில் தேய்த்தாள். "அந்த நுரைய கழுவிட்டு வாங்க, ரெண்டு இட்லியாவது தின்னுட்டுப் போவம்" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். இங்கிருந்து எனக்கு அடுப்படி தெரியும். அதே கையால் இட்லியைத் தட்டில் எடுத்து வைத்தாள். என் எச்சில் பட்ட கை. என் மூக்கு சுருங்குவதை உணர்ந்தேன், மேலுதடு ஏறுவதையும். முழங்காலை மடக்கி, முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி, புஷ்பத்தின் கண்ணாடியில் பார்த்தேன். வலது பாதி கஞ்சி துப்பிய அன்றைக்கு அவளுக்குக் காட்டிய அதே முகம், கொஞ்சமும் மாறவில்லை. இடது பாதியில் எந்த அருவருப்பும் இல்லை. கோடு கிடையாது, சுளிப்பு கிடையாது, கண் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றேன்.